கல்லாவுக்குப் பூட்டு உண்டு, கணக்குக்கு?



கடையில் எந்தச் சரக்கை எங்கே வைப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பருப்பு மூட்டையை வெறும் தரையில் இறக்க மாட்டோம். கட்டை அடுக்கி அதன் மேல்தான் அட்டி போடுவோம். சீனியை ஈரச் சுவரில் சாய்க்க மாட்டோம். மண்ணெண்ணெய் வாடை படும் இடத்தில் தேயிலையை வைக்க மாட்டோம். கல்லாப் பெட்டிக்குப் பூட்டும், பூட்டுக்குச் சாவியும், சாவிக்கு இடுப்புக் கயிறும் உண்டு.

ஆனால் கடையின் மொத்தக் கணக்கையும் வயிற்றில் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? பெரும்பாலான கடைகளில் மேசைக்குக் கீழே, நம் காலடியில், விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மின்சாரம் தரும் யு.பி.எஸ். தரையில் கிடக்கிறது. கேமராப் பெட்டி அலமாரியின் அடித்தட்டில், மேலே காலி அட்டைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு இருக்கிறது. என் கடையிலும் 2023 டிசம்பர் வரை அப்படித்தான் இருந்தது. அதனால் நான் பட்ட பாட்டையும், பிறகு நானே செய்து வைத்த ஒரு சிறிய இரும்பு ரேக்கைப் பற்றியும் எழுதினால் நம் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று நண்பர்கள் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

வெள்ளத்தில் போனது எது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை நம்மில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தூத்துக்குடியில் உள்ள என் மொத்த விற்பனைக் கடைக்குள் முழங்காலுக்குச் சற்று மேல் தண்ணீர் நின்றது. அட்டியில் கீழ் இரண்டு வரிசை மூட்டைகள் போயின. அந்த நஷ்டம் பெரிதுதான். ஆனால் எத்தனை மூட்டை போயிற்று என்று எண்ணிப் பார்க்க முடிந்தது. இன்ஷூரன்ஸுக்கும் எழுத முடிந்தது. எண்ணிப் பார்க்க முடியாத நஷ்டம் மேசைக்கு அடியில் மூழ்கிக் கிடந்த கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

அதோடு ஒரு தவறும் செய்தோம். தண்ணீர் வடிந்த மறுநாள், கடைப் பையன் நல்ல எண்ணத்தில் பெட்டியைத் துடைத்து, வெயிலில் காய வைத்து, சுவிட்சைப் போட்டுப் பார்த்தான். உள்ளே சேறு காய்ந்திருந்த ஹார்ட் டிஸ்க் அத்தோடு கெட்டது. ஒரு சர்வீஸ்காரர் இரண்டு மாதம் வைத்திருந்து, முன்பணத்தையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் கையை விரித்துவிட்டார். நனைந்த டிஸ்க்கைக் காய வைக்கவும் கூடாது, மின்சாரம் கொடுக்கவும் கூடாது. எடுத்த நிலையிலேயே அந்தத் தொழில் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நகல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. தினமும் இரவு கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுக்கச் சொல்லியிருந்தேன். கணக்குப்பிள்ளையும் ஒரு நாள் தவறாமல் எடுத்தார். அந்தப் பென் டிரைவ் கம்ப்யூட்டரின் பின்புறத்திலேயே செருகியிருந்தது. பெட்டியோடு அதுவும் மூழ்கியது.

ஜி.எஸ்.டி. தளத்தில் எல்லாம் இருக்குமே என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. பாதிதான் உண்மை. நாம் வாங்கிய சரக்கின் விவரம், விற்றவர்கள் தாக்கல் செய்ததிலிருந்து கிடைத்தது. ஜி.எஸ்.டி. எண் உள்ள கடைகளுக்கு நாம் போட்ட பில்களும் கிடைத்தன. ஆனால் ஜி.எஸ்.டி. எண் இல்லாத சிறு கடைகளுக்கு உள்ளூரில் விற்பதை நாம் பெயர் வாரியாகக் காட்டுவதில்லை. வரி விகிதப்படி மொத்தமாகத்தான் காட்டுகிறோம். யார் எவ்வளவு பணம் கட்டினார்கள் என்ற வரவும் அங்கே இருக்காது. ஆக, யாருடைய பற்று வரவு எனக்கு மிகவும் தேவைப்பட்டதோ, அந்தக் கிராமத்துச் சிறு கடைக்காரர்களின் கணக்குதான் எங்குமே இல்லாமல் போனது.

நாணயம் யாரிடம் இருந்தது?

திருச்செந்தூர் சாலைப் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் வயதான அம்மாள் ஒருவர், தண்ணீர் வடிந்த இரண்டாவது வாரமே பஸ் ஏறி வந்தார். சுருக்குப் பையிலிருந்து பள்ளிக்கூட நோட்டுத் தாளை எடுத்து என் முன் வைத்தார். "அண்ணாச்சி, ஒங்க கணக்குல எவ்வளவு இருந்துச்சோ எனக்குத் தெரியாது. என் நோட்டுல இருக்கது இதுதான். எழுதிக்கிடுங்க" என்றார். அவருடைய கடையும் மூழ்கியிருந்தது.

இன்னொருவர், பத்து வருடப் பழக்கம் உள்ள கடைக்காரர், தாம் நவம்பர் மாதமே முழுப் பாக்கியையும் லைனுக்கு வந்த பையனிடம் கட்டிவிட்டதாகச் சொன்னார். அந்தப் பையன் வேலையை விட்டுப் போயிருந்தான். ரசீதுப் புத்தகம் கிடைக்கவில்லை. வெள்ளத்தைச் சாக்காக வைத்து ஏமாற்றுகிறார் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் நாலு பேர் முன்னால் சொல்லியும்விட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அதன் பிறகு என்னிடம் சரக்கு எடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, டெலிவரி வண்டியின் சீட்டுக்கு அடியில் இருந்த பையில் அந்த ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை கிடைத்தது. அவர் சொன்ன தேதி, சொன்ன தொகை, ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை. அன்று மாலையே அவர் கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே மன்னிப்புக் கேட்டேன். அவர் காபி வாங்கிக் கொடுத்தார். ஆனால் இன்றுவரை சரக்கு வேறிடத்தில்தான் எடுக்கிறார். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

என் தகப்பனார் காலத்தில் பேரேடும் நாள்வழியும் இரவானால் பரணுக்குப் போய்விடும். மழையானாலும் எலியானாலும் அவை தப்பும். அவர் பேரேட்டுக்குக் கொடுத்த மரியாதையை நான் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கவில்லை.

பெங்களூரில் பார்த்தது

அடுத்த ஏப்ரலில் பெங்களூரில் என் தங்கை மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவன் வாடகை வீட்டின் மூலையில் ஒரு சிறிய மேசை. அதன் கால்களுக்கு இடையே வரிசையாக நாலைந்து தட்டைப் பெட்டிகள், சின்னச் சின்ன விளக்குகள் மினுக்கியபடி. "என்ன மாப்ளே, வீட்டுக்குள்ளேயே ஆபீஸா?" என்று கேட்டேன். "இல்ல மாமா, இதுக்கு ஹோம் லேப்னு பேரு. சொந்தமா பழகிப் பாக்குறதுக்கு வீட்டுலயே வச்சிக்கிடுறது" என்றான்.

அந்த மேசை ஐகியா கடையில் விற்கும் 'லாக்' என்ற சாதாரணச் சிறு மேசை. அகலம் 55 சென்டிமீட்டர், கால் ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர். நடுவில் 45 சென்டிமீட்டர் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் ரேக்குக்கு வேண்டிய இடைவெளியும் சரியாக அதுதான். அதனால் உலகம் முழுவதும் இளைஞர்கள் அந்த மேசையையே ரேக்காக மாற்றிக்கொள்கிறார்களாம்.

ரேக்குக்கு உலகம் முழுவதும் ஒரே அளவு என்பதையும் அவன்தான் விளக்கினான். பெட்டியின் முன்தகடு 19 அங்குலம். இது கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்த அளவு அல்ல. ரயில்வே சிக்னலுக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் ரிலே கருவிகளை மாட்டுவதற்கு அமெரிக்காவில் வைத்திருந்த சட்டம் அது. 1920களில் அங்கே பெரிய டெலிபோன் கம்பெனியான ஏ.டி. அண்டு டி. இதை நிலையான அளவாக ஆக்கியது. உயரத்துக்கு 'யு' என்று ஒரு கணக்கு; ஒரு யு என்றால் 1¾ அங்குலம். 12 யு ரேக் என்றால் உள்ளே 21 அங்குல உயரம். மூட்டைக்கு 50 கிலோ என்று ஓர் அளவு வைத்தால் லாரியில் அடுக்குவது எப்படிச் சுலபமோ, அப்படித்தான்.

அதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். மேசைக் காலில் இவன் செய்வதை, நம் கடையில் கிடக்கும் ஓட்டை போட்ட ஆங்கிளில் செய்ய முடியாதா?

நம் கையில் உள்ள இரும்பு

சரக்கு அடுக்க நாம் எல்லோரும் வைத்திருக்கும் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக், இங்கிலாந்தில் 1947இல் டெக்ஸியன் என்ற பெயரில் வந்தது. டிமெட்ரியஸ் கோமினோ என்ற இன்ஜினியர், வெல்டிங் இல்லாமல், போல்ட்டு நட்டு மட்டும் வைத்து யார் வேண்டுமானாலும் பூட்டிக் கழற்றும்படி இதை அமைத்தார். நமக்கு அந்தக் குணம்தான் வேண்டும். நாளைக்கு அளவு மாறினால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

நான் செய்த ரேக்கின் விவரம் இது:

கால்கள்: பழைய ரேக்கில் மிஞ்சிய 8 அடி ஆங்கிள் இரண்டை ஹாக்ஸா பிளேடால் சரிபாதியாக அறுத்தேன். 4 அடிக் கால் நான்கு கிடைத்தன. ஆங்கிளின் பக்கம் 40 மில்லிமீட்டர்.

அகலம், ஆழம்: வெளி அகலம் 21 அங்குலம், ஆழம் 18 அங்குலம். 21 அங்குலம் வைத்தால் முன் கால்களுக்கு இடையே 17¾ அங்குலத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். பிற்காலத்தில் 19 அங்குலப் பெட்டி வாங்கினாலும் உள்ளே நுழையும். ஆனால் நம் ஆங்கிளின் ஓட்டை வரிசை அந்தப் பெட்டிகளின் திருகு ஓட்டைகளுக்குப் பொருந்தாது. அதற்கென்று விற்கும் ரயில் பட்டையை வாங்கிப் பூட்ட வேண்டும், அல்லது பெட்டியைத் தட்டின் மேல் வைக்க வேண்டும். கடைக்கு வேண்டிய பெட்டிகள் எல்லாம் தட்டில் வைப்பவைதான். எனக்கு அந்தப் பட்டை தேவைப்படவில்லை.

தட்டுகள்: தகரப் பட்டறையில் 20 கேஜ் தகட்டில் ஓரம் மடித்து ஐந்து தட்டுகள் செய்து வாங்கினேன். நான்கு, பெட்டி வைக்க. ஐந்தாவது, உச்சியில் கூரையாக. ஒழுகினாலும் தூசி விழுந்தாலும் அது தாங்கும்.

பூட்டுவது: மூலைக்கு இரண்டு போல்ட்டு வீதம் தட்டுக்கு எட்டு. அடித்தட்டிலும் மேல்தட்டிலும் முக்கோண மூலைத் தகடு கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் ரேக் பக்கவாட்டில் ஆடும். முதலில் எல்லாப் போல்ட்டையும் தளர்வாகப் பூட்டி, மூலை மட்டம் பார்த்து, பிறகுதான் இறுக்க வேண்டும்.

அறுத்த முனைகளை அரத்தால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தேன். உப்புக் காற்று வீசும் ஊரில் இதை விட்டால் ஆறு மாதத்தில் துரு ஏறிவிடும். காலுக்குப் பிளாஸ்டிக் ஷூ மாட்டினேன்.

முக்கியமானது, ரேக்கைத் தரையில் வைக்கவில்லை. 2 அடி உயரத்துக்குச் செங்கல் திண்டு கட்டி அதன்மேல் நிறுத்தினேன். அடித்தட்டு திண்டிலிருந்து இன்னும் 6 அங்குலம் மேலே. ஆக, முதல் பெட்டியே தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கிறது. 2023இல் தண்ணீர் நின்ற கோட்டுக்கு அது மேல். சுவருக்கும் ரேக்குக்கும் 4 அங்குல இடைவெளி விட்டு, உச்சியில் இரண்டு இடத்தில் சுவரோடு ஆங்கர் போல்ட்டு போட்டுக் கட்டினேன். மூட்டை தூக்கிப் போகும் ஆள் மோதினாலும் சாயாது.

ஆங்கிளில் பாதி கடையிலேயே இருந்ததால், தகடு, போல்ட்டு, வலைக் கதவு, திண்டு எல்லாம் சேர்த்து எனக்கு ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

எதை எந்தத் தட்டில் வைப்பது?

அடித்தட்டில் யு.பி.எஸ். அதுதான் கனம், கனம் கீழே இருந்தால் ரேக் நிலையாக நிற்கும். பாட்டரியின் பெரிய எதிரி சூடு. பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பாட்டரிக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. சூடு மேலே ஏறும் என்பதால் அதற்குக் கீழ்த்தட்டே நல்லது.

அதற்கு மேல் 16 அங்குலம் விட்டு, இரண்டாவது தட்டின் கீழே கம்ப்யூட்டர் உட்காருமாறு வைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது முதலில் நான் செய்த தவறு. கம்ப்யூட்டரும் யு.பி.எஸ்ஸும் ஒரே தட்டில் ஒட்டி உட்கார்ந்து ஒன்றின் சூடு இன்னொன்றில் ஏறியது. இப்போது கம்ப்யூட்டருக்கு இரண்டாவது தட்டு தனியாக. மூன்றாவதில் கேமராப் பெட்டியும் நகல் டிஸ்க்கும். நான்காவதில் நெட்வொர்க் சுவிட்சும் ஃபைபர் லைன் பெட்டியும். வைஃபை ரௌட்டரை மட்டும் ரேக்குக்குள் வைக்கவில்லை. இரும்புக் கூண்டுக்குள் வைத்தால் சிக்னல் மங்கும். பக்கத்துச் சுவரில் மாட்டிவிட்டேன்.

பெட்டியின் மேல் பெட்டியை அடுக்கக் கூடாது. குளிர்ந்த காற்று கீழே நுழைந்து சூடான காற்று மேலே போக வழி வேண்டும். கேமராப் பெட்டி இரவு பகல் ஓயாமல் ஓடுவது; அதன் மேல் ஒரு பில் புத்தகம்கூட வைக்க வேண்டாம்.

எலி, தூசி, மின்சாரம்

நம் கடையில் எலி இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. எலிக்குப் பருப்பும் ஒன்றுதான், வயரும் ஒன்றுதான். ரேக்கின் மூன்று பக்கமும் கால் அங்குலக் கண்ணியுள்ள இரும்பு வலை அடித்து, முன்பக்கம் அதே வலையில் கதவு வைத்துப் பூட்டுப் போட்டேன். அரை அங்குலக் கண்ணி பெரிய எலியை நிறுத்தும், சுண்டெலியை நிறுத்தாது. வயர்கள் பி.வி.சி. பைப் வழியாக மட்டுமே உள்ளே வருகின்றன. மின்சார வயருக்கு ஒன்று, நெட்வொர்க் வயருக்கு ஒன்று.

மிளகாய், மல்லி, மாவு விற்கும் கடைகளில் எலியைவிடத் தூசி பெரிய பகை. அது ஃபேனில் படிந்து பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை பெட்டிகளை அணைத்து, வெளியே எடுத்துப் போய் புளோயரால் ஊதுகிறோம். ரேக்கையும் மிளகாய் அட்டியிலிருந்து தள்ளி, கணக்கறைப் பக்கம் வைத்திருக்கிறேன்.

இரும்பு ரேக்குக்கு எர்த் கட்டாயம். பச்சை வயரை ரேக்கின் உடம்போடு போல்ட்டு போட்டு எர்த்தில் சேர்க்க வேண்டும். வர்ணம் அடித்த இடத்தில் பூட்டினால் பயனில்லை. சுரண்டிவிட்டுப் பூட்ட வேண்டும். இதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். என் பெட்டிகள், கேமராக்கள் எல்லாம் சேர்த்து 150 வாட்டுக்குள்தான். 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். அரை மணி நேரம் தாங்குகிறது. பில் போடும் பிரிண்டரையும் ஃபேனையும் அதில் சேர்க்கவில்லை.

இன்னொரு சிறு வேலை: ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். நாம் ஊரில் இல்லாத நாளில் பையன் எதையோ பிடுங்கி எதிலோ செருகுவது நிற்கும்.

ரேக் மட்டும் போதுமா?

போதாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ரேக் தண்ணீர், எலி, தூசி இவற்றிலிருந்து ஓரளவு காக்கும். தீயிலிருந்தும் திருட்டிலிருந்தும் காக்காது. நன்றாக ஓடும் டிஸ்க்கும் ஒருநாள் தானாக நின்றுபோகும். கணக்கு மூன்று இடத்தில் இருக்க வேண்டும்: கம்ப்யூட்டரில் ஒன்று, ரேக்கில் தனி டிஸ்க்கில் ஒன்று, கடைக்கு வெளியே ஒன்று. நான் இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறேன். ஒன்று ரேக்கில் இருக்கும்போது மற்றது வீட்டுப் பீரோவில் இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் இடம் மாறும். எப்போதும் ஒன்று வயர் எதிலும் செருகாமல் இருப்பதால், வைரஸ் வந்து கணக்கைப் பூட்டினாலும் அது தப்பும்.

இது நம் வசதிக்காக மட்டும் அல்ல. ஜி.எஸ்.டி. சட்டம் 36வது பிரிவின்படி, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னுக்குக் குறித்த கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். ஆறு வருடம். ஒரு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் நம்பி ஆறு வருடம் இருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

நகல் எடுத்தால் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ள டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் பற்று வரவைத் திறந்து, அவர் கையெழுத்திட்ட சிட்டையோடு ஒத்துப் பார்க்கிறேன். பத்து நிமிட வேலை. பெரும்பாலும் நான் திறப்பது அந்தப் பெட்டிக்கடை அம்மாளின் கணக்கை.

இன்று இரவு கடை அடைக்கும்போது, கல்லாச் சாவியை எடுத்த பிறகு, ஒரு நிமிடம் குனிந்து மேசைக்குக் கீழே பாருங்கள். உங்கள் கணக்கு அங்கே இருந்தால், வருகிற ஐப்பசி மழைக்கு முன் அதை மேலே ஏற்றிவிடுங்கள். சரக்கு போனால் மறுபடி வாங்கலாம். கணக்குப் போனால் நல்லவர் யார் என்று தெரியாமல் போகும். நல்லவரைத் தவறாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.